மீட்டர் அட்டையில் நீ போட்ட கோடு

நீ எழுதும் ஏழு எனக்குத் தெரியும். மேலே ஒரு சின்னக் கொக்கி, நேராக ஓர் இறக்கம், நடுவில் குறுக்கே ஒரு கோடு. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அந்தக் குறுக்குக் கோட்டுக்காக உன்னை எத்தனை முறை பெஞ்சில் ஏற்றியிருப்பார்! நீ போய் ஒன்றரை வருடம் கழித்து, முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு ஹாலில், பத்திர நகலுக்கும் வீட்டு வரி ரசீதுக்கும் நடுவில், அந்த ஏழு என்னைப் பார்த்தது.

வெள்ளை அட்டை. கரண்ட் கணக்கு எடுக்க வருகிறவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எழுதிவிட்டுப் போவார்களே, அது. வீட்டை விற்கிறவர் ஒழுங்கான மனிதர். பழைய அட்டைகளைக்கூடத் தூக்கிப் போடாமல் ஃபைலில் கோத்து வைத்திருந்தார். "எல்லாம் கரெக்டா இருக்கு சார், பொறுமையா பாருங்க" என்று இவரிடம் நீட்டினார். இவர் பத்திரத்தை எடுத்துக்கொண்டார். எனக்கு அட்டைகள்தான் மிஞ்சின. புரட்டினால் பக்கம் முழுக்க நீ. நீலப் பேனா, சாய்ந்த எழுத்து, ஒவ்வொரு வரிசை முடிவிலும் உன் இனிஷியல். நாலு பேர் இருக்கிறார்களே என்று அழுகையை அடக்கிக்கொண்டேன்.

அழுகையோடு போயிருந்தால் பரவாயில்லை. நவம்பர் மாத வரிசைக்குப் பக்கத்தில், கட்டத்துக்கு வெளியே, நீ ஒரு வளைகோடு போட்டிருந்தாய். அடுத்த அட்டையைப் பார்த்தேன். அதிலும் நவம்பரில் அதே வளைகோடு. ஒரு வருடம் விட்டு மறுபடியும். அந்த நிமிடம் என்னைப் பிடித்த பயம் இதை எழுதும் இந்த நிமிடம் வரை விடவில்லை. அதனால்தான் உனக்கே எழுதுகிறேன். வேறு யாரிடம் சொல்வது?

உனக்கு எங்கள் நிலைமை தெரியாது. இவருக்கு வைகாசியோடு ரிட்டயர்மென்ட். அதற்குப் பிறகு சில மாதம் விடுவார்கள், அப்புறம் ரயில்வே குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். கல்யாணமாகி ஸ்ரீரங்கத்திலிருந்து பொன்மலைக்கு வந்த நாளிலிருந்து இந்த ஓட்டு வீடுதான். பெண்ணைப் பெற்று, படிக்கவைத்து, பெங்களூருக்கு வேலைக்கு அனுப்பியதும் இங்கிருந்துதான். இப்போது நாங்கள் இருவர், கட்டிலோடு கிடக்கும் என் மாமியார். கையில் வரப்போகும் பணம் ஒரு வீட்டுக்குச் சரியாக இருக்கும். இரண்டாவது வீட்டுக்கு இருக்காது. தவறாக ஒன்றை வாங்கிவிட்டால் சாகும் வரை அதில்தான் இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பொன்மலைச் சந்தைக்கு வருகிற சாக்கில் எங்கள் வீட்டுக்கு வந்து கால் நீட்டி உட்காருவாய், ஞாபகம் இருக்கிறதா? ஒருநாள் டீ குடித்துக்கொண்டே கேட்டாய்: "உங்க வீட்டு மீட்டர் எங்கடி இருக்கு?" எனக்குத் தெரியவில்லை. இவரும் விழித்தார். வாசலுக்குப் போய், கொடிக்குப் பின்னால் கையை விட்டு நீயே கண்டுபிடித்துக் காட்டினாய். "குவார்ட்டர்ஸ்லயே ஊறிப் போயிட்டீங்க ரெண்டு பேரும். குழாய் ஒழுகினா கம்ப்ளைன்ட், ஓடு ஒடஞ்சா கம்ப்ளைன்ட். நாளைக்கு சொந்த வீடு வாங்கினா யாருக்குடி எழுதிப் போடுவீங்க?" என்று சிரித்தாய். நாங்களும் சேர்ந்து சிரித்தோம்.

நீ சொன்னது அப்படியே நடந்தது. அந்த வீட்டுக்கு முதல்முறை போனபோது இவர் என்னென்ன பார்த்தார் தெரியுமா? கேட்டைப் பார்த்தார். வெல்டிங் சுத்தமாக இருக்கிறது என்று தடவிக் கொடுத்தார். பணிமனையில் முப்பது வருடத்துக்கு மேல் இரும்போடு வாழ்ந்தவர், வேறு எதைப் பார்ப்பார்? சுவரை விரல் முட்டியால் தட்டினார். ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு அணைத்தார். பின்கட்டுச் சுவரின் அடியில் உப்புப் பூத்து ஈரம் தெரிந்தது. இவர் குனிந்து பார்த்துவிட்டு, ரொம்ப அக்கறையாக, "இதுக்கு யார்கிட்ட சார் கம்ப்ளைன்ட் எழுதணும்?" என்று கேட்டார். வீட்டுக்காரர் ஒரு வினாடி திகைத்தார். "இனிமே நீங்களே எழுதி நீங்களே வாங்கிக்கணும் சார்" என்றார். எனக்கு உன் ஞாபகம் வந்து சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அட்டையைப் பார்ப்பதற்கு முன்னால் நான் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

அந்த நகரின் பெயரை எழுதப்போவதில்லை. உனக்கு எழுத வேண்டியதும் இல்லை. நீ தெருத் தெருவாக நடந்த இடம். பஞ்சப்பூருக்குப் புது பஸ் ஸ்டாண்ட் வந்தபிறகு அந்தப் பக்கமே தலைகீழாக மாறிவிட்டது. நீ நடந்த காலத்தில் முள்ளும் கருவேலமும் இருந்த இடத்தில் இப்போது பெரிய கடைகள், கண்ணாடி வைத்த கிளினிக், மஞ்சள் வேன் வரும் பள்ளிக்கூடம். மகள் போனில் தினம் சொல்கிறாள்: "ஏரியா டெவலப் ஆகுதும்மா, இப்ப விட்டா அப்புறம் தொடவே முடியாது." தரகர் அதையே சொல்கிறார். சந்தையில் காய் விற்கிறவர்கூடச் சொல்கிறார். எனக்கும் பிடித்திருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. மாமியாரின் கட்டில் போட ஜன்னலோரம் ஓர் இடம். படுக்கையறைச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு டைல்ஸ். ஹாலிலும் அப்படியே. "பாத்தியா, ரூமுக்குக்கூட டைல்ஸ் போட்டிருக்காங்க. அம்மாவுக்குத் தொடச்சு எடுக்க சவுரியமா இருக்கும்" என்று இவர் என் காதில் கிசுகிசுத்தார். நானும் தலையாட்டினேன்.

அந்த வளைகோட்டுக்கு வருகிறேன். உனக்கு அந்தப் பக்கம் மாற்றலான புதிதில் ஒருநாள், சும்மாதானே இருக்கிறாய் வா என்று என்னைக் கூடவே நடத்திக் கூட்டிப்போனாய். மதியத்துக்குள் எனக்குக் கால் வீங்கிவிட்டது. நீ ஒவ்வொரு வீட்டிலும் எட்டிப் பார்த்து, எழுதி, அட்டையின் ஓரத்தில் ஏதோ கிறுக்கிக்கொண்டே போனாய். என்னடி அது என்று கேட்டேன். நீ லீவு போட்டால் உன் இடத்துக்கு வருகிறவருக்காக என்றாய். புள்ளி வைத்தால் அந்த வீட்டில் நாய். பெருக்கல் குறி என்றால் மீட்டர் இருட்டில், டார்ச் வேண்டும். வளைகோடு என்றால்? "செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு உள்ள போன்னு அர்த்தம்" என்றாய்.

எனக்கு உடனே புரியவில்லை. "மழை பெஞ்சா வீட்டுக்குள்ள தண்ணி நிக்கும்டி" என்று விளக்கினாய். அப்போது நான் ஒரு கேள்வி கேட்டேன். இப்படிப்பட்ட வீட்டை யாராவது தெரியாமல் வாங்க வந்தால் சொல்ல மாட்டாயா என்று.

"நான் கணக்கு எடுக்க வந்தவ. எடுத்தோமா, எழுதினோமா, கெளம்பினோமான்னு இருக்கணும். என்னை யாராவது கேட்டா சொல்லுவேன். இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல."

கொஞ்ச தூரம் நடந்தபிறகு நீயே திரும்பி, "நீ வீடு வாங்கப் போனா மொதல்ல மீட்டர் பெட்டி எந்த உயரத்துல இருக்குன்னு பாரு. தண்ணியைப் பார்த்தவன் அதைத்தான் மொதல்ல மேல ஏத்துவான்" என்றாய். நான் எங்கே வீடு வாங்கப் போகிறேன் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் சொன்னேன். கோபம் வந்துவிட்டது. "உன் சிநேகிதி என்னத்தையோ கிறுக்கி வச்சிருக்கா, அதுக்காக வீட்டை விடச் சொல்றியா? வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் குடுக்கறேன்னு வாக்கு குடுத்திருக்கேன்" என்றார். கோபம் இல்லை அது, எனக்குத் தெரியும். அவருக்கும் பயம். சாவியைக் கொடுக்கும் நாள் வந்து, படுத்திருக்கும் அம்மாவைத் தூக்கிக்கொண்டு வாடகை வீடு தேடுவது போல அவருக்குக் கனவு வருகிறதாம். இரண்டு நாள் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. சோற்றைப் போட்டேன், அவர் சாப்பிட்டார். பக்கத்து அறையிலிருந்து மாமியார் மட்டும், "வீடு பாத்தாச்சா? ஜன்னல் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

வியாழக்கிழமை காலை இவரே கிளம்பினார். "பீரோவுக்கு அளவு எடுக்கணும், வா" என்றார். சட்டைப் பையில் அவருடைய இரும்பு டேப் இருந்தது. தை மாத வெயில், தரை காய்ந்து கிடந்தது. அந்தத் தெருவில் தண்ணீர் நின்றது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அவர் உள்ளே போனார். நான் வெளியிலேயே நின்று அண்ணாந்து பார்த்தேன்.

மீட்டர் பெட்டி என் தலைக்கும் மேலே இருந்தது. ஸ்டூல் போட்டால்தான் எட்டும். அதற்கு நேர் கீழே, என் முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, சுவரில் ஒரு சதுரம். பூசி, வெள்ளையடித்து மறைத்திருந்தார்கள். ஆனாலும் பெட்டி இருந்த இடம் என்று தெரிந்தது. பக்கத்து வீட்டைப் பார்த்தேன். அங்கேயும் பெட்டி தலைக்கு மேலே. எதிர் வீட்டிலும்.

பக்கத்து வீட்டு அம்மா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். கிட்டே போய், "மழைக்கு இங்க தண்ணி வருமாங்க?" என்று கேட்டேன். அவர் முதலில் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"வரும்ங்க. எல்லா வருஷமும் இல்ல. ஆத்துல தண்ணி போக எடம் இல்லைன்னா வாய்க்கால் வழியா திரும்பி ஏறி வந்துரும். விடியறதுக்குள்ள ஹாலுக்குள்ள இருக்கும். நான் சொன்னேன்னு சொல்லிறாதீங்க, நாங்களும் விக்கணும்."

உள்ளே போனால் இவர் படுக்கையறையில் தரையில் உட்கார்ந்திருந்தார். டேப்பைத் தரையிலிருந்து டைல்ஸ் முடியும் இடம் வரை இழுத்துப் பிடித்திருந்தார். பீரோ வைக்கும் இடம் அந்தப் பக்கமே இல்லை. "ரெண்டே முக்கால் அடி" என்றார், என்னைப் பார்க்காமல். அந்த டைல்ஸ் துடைப்பதற்குச் சவுரியமாக ஒட்டியது இல்லை, தண்ணீர் ஏறிய தடத்தை மறைக்க ஒட்டியது என்று அவருக்கும் புரிந்துவிட்டது. எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, "போலாம்" என்றார்.

இந்த இடத்தில்தான் உன்னிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் மேலே எழுத முடியவில்லை.

நீ போவதற்கு மூன்று மாதம் முன்னால், ஸ்ரீரங்கத்தில் ரங்கா ரங்கா கோபுரத்துக்கு எதிர்ச் சந்தில் காபி குடித்தோம். கடைக்கு நாலே நாலு படி. இரண்டாவது படியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டாய். உதடு வெளுத்திருந்தது. "கொஞ்ச நாளா இப்படித்தான்டி. மாடி வீட்டு மீட்டர் பாக்கப் போனா நடுவுல நின்னுடறேன். வீட்டுல சொல்லிடாதே. சொன்னா வேலையை விடச் சொல்லுவாரு" என்றாய். உன் தலையில் அடிக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினாய். நான் சொல்லவில்லை. டாக்டரிடம் போடி என்று ஒரு வார்த்தை சொன்னேன், நீ பேச்சை மாற்றினாய், நானும் விட்டுவிட்டேன். அப்புறம் யாரோ ஒருவர் வீட்டு மாடிப்படியில், கையில் ரீடிங் மெஷினோடு விழுந்தாய் என்று போன் வந்தது.

பதினாறாம் நாள் உன் வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "உங்ககிட்டயாவது ஏதாவது சொன்னாளாம்மா?" நான் அவர் முகத்தைப் பார்த்து, "இல்லையே அண்ணா" என்றேன். பயத்தில் சொன்னேன். அந்தப் பொய்யோடு இத்தனை நாள் சோறு தின்றிருக்கிறேன்.

இதெல்லாம் நான் அந்த வீட்டு வாசல்படி இறங்கும்போது நினைத்தது. அந்தச் சமயம் பார்த்து ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. சின்ன வயசுப் புருஷன் பெண்டாட்டி. அவள் தோளில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் அவர்களைப் பார்த்து, "வாங்க வாங்க, சாயங்காலம் வரேன்னீங்க" என்றார். நாங்கள் இல்லாவிட்டால் இவர்கள். இவர் என் கையைத் தொட்டு, வா என்று கண்ணைக் காட்டினார். ஆட்டோ நின்றிருந்தது. ஏறிப் போயிருக்கலாம். பார்த்தோமா, கிளம்பினோமா என்று இருந்திருக்கலாம்.

நான் அந்தப் பெண்ணிடம் போனேன். "இங்க பாரும்மா, அந்த மீட்டர் பெட்டியைப் பாரு. அதுக்குக் கீழ சுவரைப் பாரு. இது தண்ணி வர்ற வீடு. ஹாலுக்குள்ள வரும்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. வீட்டுக்காரர் என்னை அடிக்க வருவார் என்றுதான் நினைத்தேன்.

அவர் வரவில்லை. வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். "மூணு தடவைம்மா" என்றார். "மூணு தடவைதான். என் வீட்டுக்காரி வானம் இருண்டாலே அரிசி டப்பாவைத் தூக்கிப் பரண்ல வைக்க ஆரம்பிச்சுடுவா. நீங்க வாங்க வேணாம், சரி. நாங்க எப்படிம்மா போறது?"

ஸ்கூட்டரில் வந்த பையன், "இப்பதான் பெரிய ட்ரெயினேஜ் கட்டறாங்களே ஆன்ட்டி, இனிமே வராது" என்றான். அவள் மட்டும் அந்தச் சதுரத்தையே பார்த்துக்கொண்டு, குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றினாள். அவர்கள் வாங்கினார்களா, விட்டார்களா, எனக்குத் தெரியாது. நான் செய்தது சரியா என்றும் தெரியாது. அந்தப் பெரியவர் முகம் இரண்டு வாரமாகக் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஆட்டோவில் இவர் திட்டப்போகிறார் என்று உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மா படுத்திருக்கும் அறைக்குப் போனார். தரையிலிருந்து கட்டில் சட்டம் வரை டேப்பை நிறுத்தினார். ஒன்றரை அடி. டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். "அம்மாவைத் தூக்கறதுக்கு ரெண்டு ஆள் வேணும்" என்றார். "நான் ஒருத்தன்தானே இருப்பேன்." மாமியார், "என்னடா அளக்கறே?" என்று கேட்டார். "புதுக் கட்டிலுக்கும்மா" என்றார். பிறகு கொல்லைப் பக்கம் போய்ப் போனை எடுத்து, அட்வான்ஸ் வேண்டாம் என்று தரகரிடம் சொன்னார்.

மறுநாள் நான் ஸ்ரீரங்கம் போனேன். உன் வீட்டுக்காரர் தனியாக இருந்தார். உன் குடை இன்னும் கதவுக்குப் பின்னால்தான் மாட்டியிருக்கிறது. உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொன்னேன். "சொன்னா அண்ணா. படி ஏறினா மூச்சு வாங்குதுன்னு சொன்னா. நான்தான் உங்ககிட்ட மறைச்சுட்டேன்." அவர் என்னைத் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். "காபி குடிக்கிறீங்களா?" என்று எழுந்து உள்ளே போனார். பால் பொங்கி அடுப்பில் வழிந்த சத்தம் கேட்டது. அவர் அணைக்க நேரமாயிற்று.

இன்னும் வீடு கிடைக்கவில்லை. சாவி கொடுக்கும் நாள் கிட்டே வந்துகொண்டிருக்கிறது, பயம் குறையவில்லை. அந்த அட்டையை அன்று ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தேன். கடையில் கொடுத்து அச்சடித்து, மடித்து, கைப்பையில் வைத்திருக்கிறேன். எந்தத் தெருவுக்குப் போனாலும் முதலில் மீட்டர் பெட்டியை அண்ணாந்து பார்க்கிறேன். இவர் அதற்குள் சதுரம் தேட ஆரம்பித்துவிடுகிறார். தண்ணீருக்குப் பயந்து இப்போது மாடி வீடுகளாகப் பார்க்கிறோம். லிஃப்ட் இருந்தால் விலை எட்டவில்லை. எட்டுகிற விலையில் லிஃப்ட் இல்லை.

நேற்று கே.கே. நகர்ப் பக்கம் ஒன்றைப் பார்க்கப் போனோம். இரண்டாவது மாடி. மாமியாரை நாற்காலியில் வைத்து ஏற்றிவிடலாம் என்று இவர் சொல்லிக்கொண்டே முன்னால் ஏறினார். முதல் மாடித் திருப்பத்தில் நின்றார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பது போல நின்றார். வெளியே பார்க்க ஒன்றுமே இல்லை, பக்கத்துக் கட்டிடத்தின் சுவர்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. நீ ஏறு."

நான் ஏறவில்லை. அந்தப் படியிலேயே, வழியை மறித்து உட்கார்ந்துவிட்டேன். மேலே தரகர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கூப்பிட்டார். கீழேயிருந்து யாரோ தண்ணீர்க் கேனோடு வந்து நின்றார்கள்.

"எத்தனை நாளா இப்படி இருக்குன்னு சொல்லுங்க. சொன்னாத்தான் எழுந்திருப்பேன்" என்றேன்.